இன்ஃப்ளேமபிள் என்றால் தீப்பிடிக்குமா, பிடிக்காதா?

நெடுஞ்சாலையில் பெட்ரோல் டேங்கர் லாரிகளைக் கவனித்தால் பின்பக்கம் பெரிய எழுத்தில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். ஹார்டுவேர் கடையில் ஒரு டின் பெயிண்ட் தின்னரைக் கையில் எடுத்தால் அதில் 'ஹைலி ஃப்ளேமபிள்' என்று இருக்கும். ஒன்றில் முன்னால் 'இன்' இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. இரண்டுமே தீயைப் பற்றிய எச்சரிக்கை.

அப்போ எது தீப்பிடிக்கும், எது பிடிக்காது?

இரண்டுமே பிடிக்கும். இன்ஃப்ளேமபிள், ஃப்ளேமபிள் இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: எளிதில் தீப்பற்றக்கூடியது. தீப்பற்றாதது என்று சொல்ல வேண்டுமானால் ஆங்கிலத்தில் 'நான்-ஃப்ளேமபிள்' என்றுதான் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையில் வேறு எது மறந்தாலும் இது மறக்காமல் இருந்தால் போதும்.

ஆனால் ஒரே பொருளுக்கு ஏன் இரண்டு சொல்? அதிலும் ஒன்று ஏன் எதிர்ச்சொல் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு நிற்கிறது? இதைத் தேடிப்போனால் கொஞ்சம் லத்தீன், கொஞ்சம் இன்ஷூரன்ஸ், கொஞ்சம் வேதியியல் எல்லாம் வருகிறது. கடைசியில் நம்ம ஊர் வெயிலும் வருகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'இன்' ஒன்றல்ல, இரண்டு

பள்ளியில் ஆங்கிலப் பாடத்தில் 'பிரிஃபிக்ஸ்' படித்திருப்போம். சொல்லுக்கு முன்னால் 'இன்' சேர்த்தால் எதிர்ச்சொல். கரெக்ட் - இன்கரெக்ட். விசிபிள் - இன்விசிபிள். கம்ப்ளீட் - இன்கம்ப்ளீட். பரீட்சையில் இதற்கு மதிப்பெண்ணும் உண்டு. விதி தவறில்லை. ஆனால் அது பாதி விதி.

லத்தீனில் 'இன்' என்று ஒலிக்கும் முன்னொட்டுகள் இரண்டு. ஒன்று 'இல்லை, அல்ல' என்று மறுப்பது. இன்னொன்று 'உள்ளே, மேலே' என்று இடத்தைக் காட்டுவது. இரண்டும் வேறு வேறு மூலத்திலிருந்து வந்து, எழுத்திலும் ஒலியிலும் ஒன்றாகிப்போனவை. மறுக்கிற 'இன்' சமஸ்கிருதத்தின் 'அ-', 'அந்-' என்ற முன்னொட்டுக்கு உறவு. நியாயம் - அநியாயம் என்பதில் வருகிறதே, அதேதான். இடத்தைக் காட்டுகிற 'இன்' ஆங்கிலத்தின் சாதாரண 'இன்' (உள்ளே) என்ற சொல்லுக்கு உறவு. இன்ஜெக்ட் (உள்ளே செலுத்து), இன்ஹேல் (உள்ளே மூச்சிழு), இன்க்ளூட் (உள்ளே சேர்) எல்லாம் இந்த வகை.

லத்தீனில் 'ஃப்ளம்மா' என்றால் சுடர். அதன் முன் இந்த இரண்டாவது 'இன்' சேர்ந்து 'இன்ஃப்ளம்மாரே' என்ற வினை பிறந்தது. தீ மூட்டு, பற்றவை என்று பொருள். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'இன்ஃப்ளேம்' ஆனது. இன்ஃப்ளேம் ஆகக்கூடியது இன்ஃப்ளேமபிள். இந்தச் சொல் 1600-களின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் வந்துவிட்டது. ஃப்ளேமபிள் என்ற சொல் சுமார் 200 ஆண்டு கழித்து, 1813 வாக்கில்தான் எட்டிப் பார்க்கிறது. அப்போதும் அது பெரிதாகப் புழங்கவில்லை.

குழப்பம் முழுவதும் சொல்லை எங்கே பிரிக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. பிறந்த விதத்தில் அது 'இன்ஃப்ளேம் + ஏபிள்'. நம் கண்ணோ 'இன் + ஃப்ளேமபிள்' என்று பிரிக்கிறது. அப்படிப் பிரித்தால் விடை நேர் எதிராக வந்துவிடும்.

இதே சிக்கல் இன்னொரு சொல்லிலும் உண்டு. ஆங்கிலத்தில் 'ஹேபிடபிள்', 'இன்ஹேபிடபிள்' இரண்டுமே 'குடியிருக்கத் தக்கது' என்றுதான் பொருள்படும். குடியிருக்க முடியாதது 'அன்இன்ஹேபிடபிள்'. ஆனால் பிரெஞ்சுக்காரர் அதே 'இன்ஹேபிடபிள்' எழுத்துகளை எழுதினால் அது குடியிருக்க முடியாத இடம்! சரி, தீ விஷயத்தில் பிரெஞ்சுக்காரர் என்ன செய்கிறார்? எளிதில் தீப்பற்றுவதை இன்றும் 'இன்ஃப்ளேமபிள்' என்றே எழுதுகிறார். தீப்பற்றாததற்கு மறுக்கிற 'இன்' இன்னொன்றையும் முன்னால் ஒட்டி 'இன்இன்ஃப்ளேமபிள்' என்கிறார். இரண்டு 'இன்'களும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

நம்மிடமும் ஒரு 'நிர்' இருக்கிறது

இது ஏதோ ஆங்கிலத்தின் கோளாறு என்று நினைக்க வேண்டாம். தமிழில் நாம் தினமும் புழங்கும் வடசொற்களிலேயே இப்படி ஒன்று இருக்கிறது. 'நிர்' என்ற முன்னொட்டு. நிர்மலம் என்றால் மலம் அற்றது, மாசற்றது. நிர்மூலம் என்றால் மூலமே இல்லாமல் போவது. இங்கெல்லாம் 'நிர்' இல்லாமையைச் சொல்கிறது.

ஆனால் நிர்வாகம்? நிர்மாணம்? நிர்ணயம்? 'வாகம் இல்லாதது நிர்வாகம்' என்று யாரும் பொருள் சொல்வதில்லை. (சில அலுவலகங்களைப் பார்த்தால் சொல்லத் தோன்றும், அது வேறு கதை.) இங்கே அதே 'நிர்' மறுப்பு அல்ல. ஒரு செயலை முழுதாக, முடிவு வரைக்கும் கொண்டுபோவதைக் காட்டுகிறது.

நமக்கு இதில் குழப்பம் வராததற்குக் காரணம் இலக்கண அறிவு அல்ல, பழக்கம். நிர்வாகம் என்ற சொல்லைச் சின்ன வயதிலிருந்தே முழுச்சொல்லாகக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஆங்கிலம் அப்படியல்ல. நம்மில் பலருக்கு அது விதி வழியாக வந்த மொழி. புதுச் சொல்லைக் கண்டால் படித்த விதியை வைத்துப் பிரிக்கிறோம்.

ஆகவே இந்த எச்சரிக்கையை யார் தவறாகப் படிப்பார் என்று பாருங்கள். ஆங்கிலமே தெரியாதவர் சிவப்பு நிறத்தையும் தீச்சுடர் படத்தையும் பார்த்து ஒதுங்கிவிடுவார். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவருக்குச் சொல் தெரியும். நடுவில் இருக்கிறாரே, பள்ளியில் 'இன் போட்டால் எதிர்ச்சொல்' என்று ஒழுங்காகப் படித்தவர், அவர்தான் மாட்டிக்கொள்வார். அரைகுறையாகப் படித்ததால் வரும் தவறு இல்லை இது. படித்த விதியை நம்பியதால் வரும் தவறு.

சரியான சொல்லை ஏன் மாற்றினார்கள்?

இலக்கணப்படி பார்த்தால் இன்ஃப்ளேமபிள் என்பதில் ஒரு குறையும் இல்லை. வயதில் மூத்தது, வம்சாவளியும் சுத்தம். ஆனாலும் 1920-களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் (நேஷனல் ஃபயர் புரொடெக்‌ஷன் அசோசியேஷன்) அதற்குப் பதிலாக ஃப்ளேமபிள் என்ற சொல்லைப் பயன்படுத்தும்படி வலியுறுத்தத் தொடங்கியது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் இதில் சேர்ந்துகொண்டன. தீவிபத்து நடந்தால் பணம் கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தானே! பிரிட்டனில் 1959-ல் அந்நாட்டுத் தர நிர்ணய நிறுவனம், குழப்பத்துக்கு இடமில்லாமல் இருக்க ஃப்ளேமபிள், நான்-ஃப்ளேமபிள் என்ற சொற்களையே ஊக்குவிப்பது தன் கொள்கை என்று அறிவித்தது.

கவனியுங்கள், இதைச் செய்தவர்கள் மொழி அறிஞர்கள் இல்லை. தீயணைப்பு, இன்ஷூரன்ஸ், தொழில்தரம் என்று தீயோடு மல்லுக்கட்டுகிறவர்கள். ஒரு சொல் சரியா தவறா என்று அவர்கள் கேட்கவில்லை. படிப்பவர் அதைப் பார்த்ததும் கையில் இருக்கும் பீடியை அணைப்பாரா மாட்டாரா என்று கேட்டார்கள். எச்சரிக்கைப் பலகையில் இருக்கும் சொல்லுக்கு அதுதான் பரீட்சை.

காலி டிரம் ஏன் காலி இல்லை?

இன்ஷூரன்ஸ் என்றதும் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. பெஞ்சமின் லீ வோர்ஃப். மொழி நம் சிந்தனையை வடிவமைக்கிறது என்ற கருத்தோடு இன்றும் பேசப்படும் மொழியியலாளர். அவருடைய பிழைப்பு என்ன தெரியுமா? அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் தீ இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தீத்தடுப்புப் பொறியாளர் வேலை. படித்தது வேதிப் பொறியியல். மொழியாராய்ச்சி எல்லாம் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில்.

தீவிபத்து அறிக்கைகளைப் பார்த்துப் பார்த்து அவர் ஒரு விஷயத்தைக் குறித்தார். பெட்ரோல் நிறைந்த டிரம் பக்கத்தில் ஆட்கள் ஜாக்கிரதையாக இருக்கிறார்கள். 'காலி டிரம்' என்று பெயர் வைத்த இடத்தில் சிகரெட்டைப் பற்றவைக்கிறார்கள். ஆனால் அபாயம் காலி டிரம்மில்தான் அதிகம். உள்ளே திரவம் இல்லை, ஆவி இருக்கிறது, காற்றும் சேர்ந்திருக்கிறது. பெட்ரோலில் எரிவது திரவம் அல்ல, அதிலிருந்து எழும் ஆவி. அந்த ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். நம்ம ஊர் வெல்டிங் பட்டறைகளில் பழைய டிரம்மை வெட்டும்போது நடக்கும் விபத்துகளுக்கும் இதே காரணம்தான்.

இன்னொரு உதாரணம் அவர் சொன்னது: ஒரு ஆலையில் வடிகலன்களைச் சுற்றி 'ஸ்பன் லைம்ஸ்டோன்', அதாவது சுண்ணாம்புக்கல்லால் ஆன ஒரு காப்புப்பொருளைப் பொதிந்திருந்தார்கள். கல்லில் என்ன தீப்பிடிக்கப் போகிறது என்று அதைச் சூட்டிலிருந்து மறைக்கவில்லை. வடிகலனிலிருந்து கசிந்த அமில ஆவி சுண்ணாம்புக்கல்லோடு சேர்ந்து வேறு பொருளாக மாறி, சூட்டில் அசிட்டோனைக் கொடுத்தது. தீ வந்தபோது அந்தக் 'கல்' நன்றாகவே எரிந்தது.

மொழி சிந்தனையை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்துகிறது என்பதில் வோர்ஃப் போன தூரத்துக்கு மொழியியலாளர்கள் பலரும் போவதில்லை. ஆனால் நமக்கு வேண்டிய சின்ன விஷயம் இதில் நிற்கிறது. ஆட்கள் பொருளைப் பார்த்து மட்டும் நடப்பதில்லை, அதன்மேல் ஒட்டியிருக்கும் சொல்லைப் பார்த்தும் நடக்கிறார்கள்.

1952-ம் 1953-ம்

இந்தியாவில் 1952-ல் ஒரு சட்டம் வந்தது. பெயர், 'இன்ஃப்ளேமபிள் சப்ஸ்டன்சஸ் ஆக்ட்'. அபாயகரமாகத் தீப்பற்றும் பொருள்களுக்கும் 1934-ம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டத்தைப் பொருத்துவதற்காக வந்தது. அடுத்த ஆண்டே, 1953-ல், அமெரிக்காவில் ஒரு சட்டம். அதன் பெயர் 'ஃப்ளேமபிள் ஃபேப்ரிக்ஸ் ஆக்ட்'. ஒருவகை ரேயான் துணியில் தைத்த ஸ்வெட்டர்கள் குப்பென்று பற்றிக்கொண்ட விபத்துகளுக்குப் பிறகு வந்த சட்டம் அது.

ஓராண்டு இடைவெளியில், ஒரே விஷயத்துக்கு, இரண்டு நாட்டுச் சட்டங்களில் இரண்டு சொல். அமெரிக்கா அதற்குள் புதுச்சொல்லுக்கு மாறிவிட்டது. நாம் அப்போதைய பிரிட்டிஷ் வழக்கைப் பிடித்துக்கொண்டிருந்தோம். பிரிட்டன் அப்புறம் மாறிக்கொண்டது. நம் லாரிகளில் பழைய சொல் தங்கிவிட்டது. இன்று ஐ.நா. வகுத்த உலகளாவிய இரசாயன அடையாள முறையில் ஃப்ளேமபிள்தான் சொல். அதனால்தான் டேங்கரில் ஒன்றும் தின்னர் டின்னில் இன்னொன்றுமாக நம் கண்ணில் படுகிறது.

அப்போ கம்பஸ்டிபிள்?

இந்தக் குடும்பத்தில் இன்னொரு சொல் உண்டு, கம்பஸ்டிபிள். எரியக்கூடியது. இதற்கும் ஃப்ளேமபிளுக்கும் உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள 'ஃப்ளாஷ் பாயிண்ட்' தெரிய வேண்டும்.

ஒரு திரவத்தின் மேல், பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி சேர்வதற்குத் தேவையான மிகக் குறைந்த வெப்பநிலைதான் ஃப்ளாஷ் பாயிண்ட். அது தானாகவே எரியும் வெப்பநிலை அல்ல. பொறி வந்தால் போதும் என்று தயாராகிவிட்ட நிலை. பெட்ரோலுக்கு இது சுழியத்துக்குக் கீழே சுமார் 40 டிகிரி செல்சியஸ். அதாவது பனிமலையிலும் பெட்ரோல் தயாராகவே இருக்கும். 70 சதவீத ஆல்கஹால் கலந்த சானிடைசருக்கு 20 டிகிரிக்கும் குறைவு. மண்ணெண்ணெய்க்குப் பொதுவாக 38 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ. நல்லெண்ணெய் போன்ற சமையல் எண்ணெய்களுக்கு 200 டிகிரிக்கும் மேல். விளக்கு எரியத் திரி ஏன் வேண்டும் என்பதற்கு விடை இதில் இருக்கிறது. திரி கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயை உறிஞ்சி, சுடரின் சூட்டுக்குக் கொண்டுபோய் ஆவியாக்குகிறது.

அமெரிக்காவில் நெடுங்காலம் இருந்த கோடு 100 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 37.8 டிகிரி செல்சியஸ். ஃப்ளாஷ் பாயிண்ட் அதற்குக் கீழே இருந்தால் ஃப்ளேமபிள் திரவம், அதற்கு மேலே என்றால் கம்பஸ்டிபிள் திரவம். இந்திய விதிகள் வேறு மாதிரி பிரிக்கின்றன. 23 டிகிரிக்குக் கீழே 'ஏ' வகுப்பு, 23 முதல் 65-க்குள் 'பி', 65 முதல் 93-க்குள் 'சி'. பெட்ரோல் 'ஏ'. மண்ணெண்ணெயும் டீசலும் 'பி'.

இங்கேதான் நம்ம ஊர் வெயில் வருகிறது. 37.8 என்ற எல்லை குளிர்நாட்டு மனிதருக்கு வசதியானது. 'சாதாரண நாளில் இது ஆவியாகிப் பற்றும் நிலைக்கு வராது' என்று அவர் நிம்மதியாக இருக்கலாம். நமக்கு அப்படியா? அக்னி நட்சத்திரத்தில் வேலூரிலும் திருத்தணியிலும் நிழலிலேயே 40-ஐத் தாண்டுகிறது. தகரக் கூரைக்கு அடியிலோ வெயிலில் நிற்கும் வண்டியிலோ வைத்த கேன் இன்னும் சூடாகும். அங்கே கம்பஸ்டிபிள் என்று பெயர் வாங்கிய திரவம், மே மாத மதியத்தில் இங்கே ஃப்ளேமபிள் மாதிரியே நடந்துகொள்ளும். 23 டிகிரி எல்லையும் அப்படித்தான். சென்னையில் வருடத்தில் பெரும்பாலான நாள், பகலும் இரவும், அந்த எல்லைக்கு மேலேதான் இருக்கிறோம். 'ஏ' வகுப்புத் திரவம் எதுவும் நம்மிடம் எப்போதும் தயார் நிலையில்தான் இருக்கும்.

சொந்தக்காரச் சொற்கள்

இன்ஃப்ளேமபிள் முழுக்க ஒழிந்துவிடவில்லை. எழுத்தில் அது உருவகமாக வாழ்கிறது. சட்டென்று கொதிக்கும் குணத்தை இன்ஃப்ளேமபிள் என்பார்கள், அந்த இடத்தில் ஃப்ளேமபிள் பொருந்தாது. மக்களைத் தூண்டிவிடும் பேச்சு 'இன்ஃப்ளமேட்டரி'. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முன்னது தானே பற்றிக்கொள்வது, பின்னது மற்றவரைப் பற்றவைப்பது.

டாக்டர் சொல்லும் 'இன்ஃப்ளமேஷன்' இதே வேர். உடலில் ஓரிடம் சிவந்து, வீங்கி, சூடாகி, வலிப்பதைத் தீ மூட்டியதாகவே லத்தீன்காரர்கள் கண்டார்கள். தமிழில் இதற்கு நாம் வைத்திருக்கும் சொல் அழற்சி. அழல் என்றால் நெருப்பு! இதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், இன்ஃப்ளேமபிள் என்பதில் குழப்பம் வரவே வராது. இன்ஃப்ளமேஷன் என்றால் 'அழல் இல்லாத நிலை' என்று யாரும் சொல்வதில்லையே. அதே 'இன்'தான் இதுவும்.

எதைப் பார்ப்பது, எதை எழுதுவது?

படிப்பவர்களுக்கு: சொல்லை விட்டுவிட்டுப் படத்தைப் பாருங்கள். டேங்கரில் சாய்சதுரமாக ஒரு சிவப்புப் பலகை, அதில் தீச்சுடர், கீழ் முனையில் 3 என்ற எண் இருந்தால் தீப்பற்றும் திரவம். அதே சிவப்பில் 2 இருந்தால் தீப்பற்றும் வாயு, சமையல் கேஸ் மாதிரி. பச்சைச் சாய்சதுரத்தில் சிலிண்டர் படம் இருந்தால் அதுதான் தீப்பற்றாத வாயு. பக்கத்தில் நான்கு இலக்க ஐ.நா. எண்ணும் இருக்கும். 1203 என்றால் பெட்ரோல். விபத்தான லாரியைத் தூரத்திலிருந்து பார்த்துத் தீயணைப்புத் துறைக்குப் போன் செய்யும்போது அந்த எண்ணைச் சொன்னால் அவர்களுக்குப் பெரிய உதவி. எண்ணைப் படிப்பதற்காகக் கிட்டே மட்டும் போகாதீர்கள்.

எழுதுபவர்களுக்கு: கடை, பட்டறை, ஆய்வகம், கோடவுன் என எங்கே பலகை வைத்தாலும் ஆங்கிலத்தில் ஃப்ளேமபிள் என்றே எழுதுங்கள். இன்ஃப்ளேமபிள் இலக்கணப்படி சரிதானே என்று வாதாடுவதற்கு அது இடமில்லை. நான்-இன்ஃப்ளேமபிள் என்று எழுதவே எழுதாதீர்கள், அதைப் படித்து முடிப்பதற்குள் தலை சுற்றும்.

ஆங்கிலத்துக்கு மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில், 'எளிதில் தீப்பிடிக்கும்' என்று தமிழில் எழுதிவிடுங்கள். தமிழில் மறுப்பு சொல்லின் கடைசியில் வெளிப்படையாக நிற்கும். பிடிக்கும் என்றால் பிடிக்கும், பிடிக்காது என்றால் பிடிக்காது. முன்னொட்டு எதுவும் வந்து குட்டையைக் குழப்பாது. பலகையைப் படிக்கப்போவது டிக்‌ஷனரி வைத்திருப்பவர் அல்ல, மூட்டை தூக்கிக்கொண்டு வருபவர். அவருக்கு ஒரு நொடியில் புரிந்தால்தான் அது எச்சரிக்கை.